டர்பனில் கடை நடத்துகிறவர்களுக்கு: குப்பை அகற்றலையும் மறுசுழற்சியையும் வரிசைப்படி அமைப்பது எப்படி

குப்பைக்கு ஆள் பிடிக்க வேண்டும் என்றதும் எல்லோரும் முதலில் செய்வது, போனை எடுத்து நாலு கம்பெனியிடம் விலை கேட்பது. நானும் அப்படித்தான் செய்தேன். சாட்ஸ்வொர்த்தில் எங்கள் டேக்அவே கடைக்கு 6 கன மீட்டர் ஸ்கிப் (லாரி வந்து தூக்கும் பெரிய இரும்புத் தொட்டி) ஒன்றை 36 மாத ஒப்பந்தத்தில் எடுத்தேன். கடைக்கு வந்து ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு விற்பனையாளர் சொன்ன அளவு அது. வாரத்துக்கு இரண்டு முறை லாரி வந்து தூக்கிக்கொண்டு போனது. ஏழெட்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏதோ சந்தேகத்தில் உள்ளே எட்டிப் பார்த்தால், மேலே மடிக்காத அட்டைப்பெட்டிகள், நடுவில் வெறும் காற்று, அடியில் முழங்கால் உயரத்துக்கு ஈரக்குப்பை. காற்றை ஊர்வலம் கொண்டுபோக மாதாமாதம் பணம் கட்டியிருக்கிறேன். ஒப்பந்தம் முடியும்வரை கட்டவும் வேண்டியிருந்தது.

அப்புறம் எங்கள் கடையைச் சரிசெய்தேன். அதைப் பார்த்துத் தெரிந்தவர்கள் கூப்பிட, சில உணவகங்கள், ஒரு கல்யாண மண்டபம், ஒரு சின்ன ஷாப்பிங் சென்டர் என்று போய் அமைத்துக்கொடுத்தேன். புதிதாகச் செய்கிறவர்கள் சறுக்குகிற இடம் பெரும்பாலும் வரிசையில்தான் இருக்கிறது. விலை கேட்பது இந்த வழிகாட்டியில் எட்டாவது படி. அதற்கு முந்தைய ஏழு படியையும் தாண்டிக் குதித்தால் என் ஸ்கிப் கதைதான்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

கடைசி மூன்று மாத நகராட்சி பில், கடை வாடகை ஒப்பந்தம், இப்போது குப்பை எடுக்கிறவர் யாராவது இருந்தால் அவருடைய ஒப்பந்தமும் பில்லும். 50 கிலோ வரை தூக்கும் கொக்கித் தராசு ஒன்று, கையுறை, மார்க்கர் பேனா, மாஸ்க்கிங் டேப், ஒரு நோட்டு. கடையின் பின்பக்கத்தை ஒரு தாளில் கோடு போட்டு வரைந்துகொள்ளுங்கள்: கதவு எங்கே, தண்ணீர்க் குழாய் எங்கே, வடிகால் எங்கே, லாரி எவ்வளவு தூரம் உள்ளே வரும். அழகாக இருக்க வேண்டாம்.

1. ஏற்கெனவே யார் பணம் கட்டுகிறார்கள் என்று பாருங்கள்

டர்பனின் ஈத்தெக்வினி நகராட்சி அனுப்பும் பில்லில் குப்பைக்கான கட்டணம் ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் வாடகை ஒப்பந்தத்தைப் பாருங்கள். கட்டடக்காரர் குப்பைக்கென்று தனியாக வசூலித்துக்கொண்டிருப்பார், நீங்கள் அதை 'இதர செலவு' என்று நினைத்து இரண்டு வருடமாகக் கட்டிக்கொண்டிருப்பீர்கள். ஒரே குப்பைக்கு இரண்டு பக்கம் கட்டுகிற கடைகளை நான் பார்த்திருக்கிறேன்.

நகராட்சியின் டர்பன் சாலிட் வேஸ்ட் பிரிவு, அதாவது எல்லோரும் சொல்கிற டிஎஸ்டபிள்யூ, வியாபார இடங்களிலும் எடுக்கிறது. உங்களுக்கு வரும் குப்பை குறைவு என்றால் அதுவே போதுமானதாக இருக்கலாம். தனியாரைத் தேடத்தான் வேண்டுமா என்ற கேள்விக்கு பதில் இந்தப் படியிலும் அடுத்த படியிலும் கிடைத்துவிடும்.

2. ஒரு வாரம் எடை போடுங்கள்

இதைத்தான் யாரும் செய்வதில்லை. செய்யச் சொன்னால் சிரிக்கிறார்கள். குப்பையை யாராவது எடை போடுவார்களா அண்ணா என்று ஒருவர் என்னிடம் கேட்டார். அவர் மாதம் கட்டிக்கொண்டிருந்த பில்லைக் காட்டச் சொன்னேன், தராசு வாங்கப் போய்விட்டார்.

வேலை இதுதான். ஏழு நாள், ஒவ்வொரு பையும் வெளியே போகும் முன் அதில் ஒரு டேப் ஒட்டி, நாள், எந்த இடத்திலிருந்து வந்தது (சமையலறை, கவுண்டர், கிடங்கு), எத்தனை கிலோ என்று எழுத வேண்டும். அட்டைப்பெட்டிகளை மடித்து அடுக்கி, கட்டாகக் கட்டித் தனியாக எடை போட வேண்டும். எடையை மட்டும் எழுதினால் போதாது, எத்தனை பை, எவ்வளவு நிரம்பியது என்றும் குறித்துக்கொள்ளுங்கள். எடுத்துச் செல்கிறவர் உங்களிடம் பெரும்பாலும் கொள்ளளவுக்கு, அதாவது எத்தனை தொட்டி எத்தனை முறை என்று காசு வாங்குவார். அவரோ குப்பைமேட்டு வாசலில் எடைக்குக் காசு கட்டுவார். இரண்டு கணக்கும் உங்களிடம் இருந்தால்தான் பின்னால் விலை பேச வாய் வரும்.

எந்த வாரத்தைத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்பது முக்கியம். பள்ளி விடுமுறை, தீபாவளி வாரம் வேண்டாம். மாதக் கடைசியில் சம்பளம் வருகிற வாரத்தை எடுங்கள், சாதாரண மாதத்தில் கூட்டம் அதிகமாக இருப்பது அப்போதுதான். மெலிந்த வாரத்தை வைத்துத் தொட்டி எடுத்தால் சம்பள வாரத்தில் மூடி மூடாது.

இடையில் இரண்டு நாளாவது சில பைகளை ஒரு தார்ப்பாயில் கொட்டிப் பிரித்துப் பாருங்கள். அருவருப்பான வேலைதான், முதலாளியே செய்யுங்கள், வேலைக்காரர் மேல் தள்ளாதீர்கள். எங்கள் கடையில் முதல் நாளே மூன்று ஸ்டீல் கரண்டி, ஒரு இடுக்கி கிடைத்தன. தட்டைத் தட்டும்போது கூடவே போயிருக்கின்றன. அதைவிட முக்கியமாக, எடையில் பாதிக்கு மேல் உருளைக்கிழங்குத் தோலும் சோறும் என்பது தெரிந்தது. இடத்தில் பாதிக்கு மேல் அட்டைப்பெட்டி. எடை ஒரு பொருளால் வருகிறது, இடம் வேறொரு பொருளால் போகிறது. இந்த ஒரு வரி தெரிந்திருந்தால் அந்த ஸ்கிப்பை நான் எடுத்திருக்கவே மாட்டேன்.

3. சாதாரணத் தொட்டிக்குப் போகவே கூடாததை முதலில் ஒதுக்குங்கள்

மறுசுழற்சியைப் பற்றி யோசிப்பதற்கு முன் இது. ஒரு குழல்விளக்கு உடைந்து கலந்தால் அந்தத் தொட்டி முழுவதும் வேறு வகைக் கழிவாகிவிடும், பிரித்த உழைப்பு வீண்.

தென்னாப்பிரிக்காவில் 2013 ஆகஸ்டில் வந்த விதிகள் குப்பைமேட்டுக்கு எது போகக் கூடாது என்று பட்டியல் போட்டு ஒவ்வொன்றாகத் தடை செய்தன. காரில் இருக்கும் ஈய பேட்டரி உடனடியாகத் தடை. பாதரசம் உள்ள விளக்குகள் 2016இல், மறுபடி பயன்படுத்தக்கூடிய கழிவு இன்ஜின் ஆயில் 2017இல், திரவக் கழிவு 2019இல், ஆபத்தான பொருள் உள்ள மற்ற மின்னணுச் சாதனங்கள் 2021இல். ஆகையால் பழைய கார்டு மெஷின், கெட்டுப்போன மைக்ரோவேவ், உடைந்த மானிட்டர் எதையும் கறுப்புப் பையில் போட வழியில்லை.

செய்ய வேண்டியது சுலபம்: பூட்டக்கூடிய ஒரு அலமாரி அல்லது மூடியுள்ள பெட்டி, கூரைக்கு அடியில். குழல்விளக்கை அது வந்த அட்டையிலேயே படுக்க வைக்க வேண்டும். ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவர்கள் இன்ஜின் ஆயிலைத் தனி டிரம்மில், அடியில் கசிவு பிடிக்கும் தட்டோடு வைக்க வேண்டும். அதற்கு ரோஸ் ஃபவுண்டேஷன் வழியாக ஆயில் எடுப்பவர்களைக் கண்டுபிடிக்கலாம்.

இங்கே ஒரு ஏமாற்று வேலையையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் குப்பையை ஆய்வகத்தில் வகைப்படுத்தியே ஆக வேண்டும் என்று சில ஆலோசகர்கள் வந்து மிரட்டுவார்கள். ஆபத்தான பொருள் கலக்காத சாதாரண வியாபாரக் குப்பை, பேக்கிங் கழிவு, தோட்டக் கழிவு, கட்டட இடிபாடு இவற்றுக்கு அந்த வகைப்படுத்தல் தேவையில்லை என்று அதே 2013 விதிகளின் இணைப்பே சொல்கிறது. காசு கொடுத்துவிடாதீர்கள்.

4. பிரிக்கும் இடத்தைக் கையின் வழியில் வையுங்கள்

இடம் சரியாக இருந்தால் பாதிப் பயிற்சி தேவைப்படாது. நான் முதலில் பின்வாசலில் நாலு தொட்டியை வரிசையாக, கலர் கலராக, மூடி போட்டு வைத்தேன். இரண்டு வாரத்தில் நாலிலும் ஒரே குப்பை. ஏன் என்று கேட்டால் சமையலறைப் பையன் சொன்னான்: "கையில் மீன், அண்ணா. மூடியை எந்தக் கையால் திறக்கிறது?" சரி என்று காலால் மிதித்துத் திறக்கும் சின்னத் தொட்டியை வெட்டும் மேசைக்கு அடியிலேயே வைத்தோம். அன்றிலிருந்து தோல் தோலாகவே வந்தது.

எந்தக் குப்பை எங்கே பிறக்கிறதோ அங்கே அதற்கான தொட்டி. அட்டைப்பெட்டி பிறப்பது சரக்கு இறங்கும் இடத்தில், ஆகவே பெட்டி வெட்டும் கத்தியை அங்கேயே ஒரு கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள். கத்தியைத் தேடிப் போக வேண்டியிருந்தால் யாரும் பெட்டியை மடிக்க மாட்டார்கள். குடித்த பாட்டில் பிறப்பது கவுண்டரில். ரசீது பிறப்பதும் கவுண்டரில்தான், ஆனால் அந்த வழுவழுப்பான பில் தாள் வெள்ளைத் தாள் கட்டுக்குள் போகக் கூடாது, அது வேறு ரகம்.

மறுசுழற்சித் தொட்டியைத் தனியாக வைக்காதீர்கள். பக்கத்திலேயே சாதாரணக் குப்பைத் தொட்டி இல்லாவிட்டால், அவசரத்தில் இருக்கிறவர் கையில் இருப்பதை இதற்குள்ளேயே போட்டுவிட்டுப் போவார்.

தொட்டியில் ஒட்டும் சீட்டில் வார்த்தையைவிடப் படம் வேலை செய்யும், அதுவும் உங்கள் கடையில் வரும் அதே பாட்டிலின், அதே பையின் போட்டோ. எழுதுவதானால் சமையலறையில் பேசும் மொழியில் எழுதுங்கள். எங்கள் கடையில் அது ஜூலு. நான் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி ஒட்டி, தினமும் தொட்டியைத் தொடுகிற இரண்டு பேருக்கும் புரியாமல் விட்டேன்.

வெளியே வைப்பதற்கு மூன்று விஷயம். ஒன்று, கூரை. நம்ம ஊர் கோடைமழை திறந்த ஸ்கிப்பில் இறங்கினால் அட்டை ஊறி விலை போகாது, குப்பை எடை கூடும், கீழே வழிகிற தண்ணீர் மழைநீர் வடிகாலுக்குப் போகும், அது நேராக ஆற்றுக்கும் கடலுக்கும் போகிற வடிகால். இரண்டு, குரங்கு. சாட்ஸ்வொர்த், வெஸ்ட்வில் பக்கம் கடை வைத்திருப்பவருக்கு நான் சொல்லத் தேவையில்லை. மூடியில் ரப்பர் பட்டை போட்டு மாட்டினேன், ஒரே வாரத்தில் கழற்றக் கற்றுக்கொண்டுவிட்டன. கொக்கி வைத்த மூடியோ, கம்பிக் கூண்டோதான் சரி. மூன்று, தரை. சிமென்ட் தரையும் கழுவத் தண்ணீர்க் குழாயும் இல்லாத இடத்தில் ஈரக்குப்பை வைத்தால் ஜனவரிக் கோடையில் ஈ தாங்காது.

பெரிய இடம் நடத்துகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 100 கன மீட்டருக்கு மேல் சாதாரணக் கழிவையோ 80 கன மீட்டருக்கு மேல் ஆபத்தான கழிவையோ தொடர்ந்து சேமிக்கக்கூடிய இடத்துக்குத் தனித் தேசிய விதிமுறை உண்டு. ஒரு ஸ்கிப் 6 கன மீட்டர்தான், ஆகவே சாதாரணக் கடைக்காரருக்கு இது வராது.

5. மறுசுழற்சிக்காரரை முதலில் பிடியுங்கள்

குப்பைக் கம்பெனிக்கு முன் இவர். காரணம் எளிது: இவர் எடுத்துக்கொண்டு போன பிறகு மிஞ்சுவதற்குத்தான் தொட்டி தேவை. முதலில் தொட்டியை எடுத்துவிட்டு அப்புறம் அட்டையைப் பிரித்தால், பாதி காலித் தொட்டிக்கு முழு வாடகை.

பேசும்போது அவர்கள் பாஷையில் பேசினால் மரியாதை கூடும். பழைய அட்டைப்பெட்டிக்கு கே4 என்று பெயர். வெள்ளை அலுவலகத் தாள் ஹெச்எல்1. எல்லாம் கலந்த தாள் சிஎம்டபிள்யூ, விலை அடிமட்டம். பிளாஸ்டிக்கில் குளிர்பான பாட்டில் பெட், பால் பாட்டில் எச்டி, பேலட்டைச் சுற்றிவரும் நிறமில்லாத படலம் எல்டி. 'பிளாஸ்டிக் இருக்கு, எடுக்கிறீங்களா' என்று கேட்டால் வர மாட்டார்கள். 'வாரத்துக்கு இத்தனை கிலோ கே4, மழையில் நனையாதது, கூரைக்கு அடியில்' என்று சொல்லிப் பாருங்கள், இரண்டாவது படியில் எழுதிய நோட்டு இங்கேதான் முதல்முறை உதவும்.

கேட்க வேண்டியவை: குறைந்தபட்சம் எத்தனை கிலோ சேர்ந்தால் வண்டி அனுப்புவார், எடை யார் தராசில், எதைப் பார்த்தால் திருப்பி அனுப்புவார். எடைச் சீட்டு கொடுப்பாரா என்பதையும் கேளுங்கள். மெழுகு பூசிய பெட்டி, எண்ணெய் ஊறிய பீட்சாப் பெட்டி கே4 கட்டுக்குள் போகக் கூடாது. வெள்ளைத் தெர்மோகோல் டப்பாவை எடுக்கிறவர் கிடைப்பது கஷ்டம். கிடைக்காவிட்டால் அதை வாங்குவதையே நிறுத்துவதுதான் மலிவு.

இதில் பெரிய காசு பார்க்கலாம் என்று கணக்குப் போடாதீர்கள். சின்னக் கடைக்கு அட்டை விற்று வரும் பணம் டீச் செலவுக்கு வரும். உண்மையான லாபம் குப்பைத் தொட்டி ஒன்று குறைவதில் இருக்கிறது. அட்டையை அழுத்திக் கட்டுகிற பேலர் மெஷின் வாங்கலாமா என்று கேட்கிறார்கள். தினமும் ஆள் உயரத்துக்கு அட்டை சேர்ந்தால் யோசியுங்கள், இல்லாவிட்டால் கத்தியும் கயிறும் போதும்.

காலையில் டிராலி தள்ளிக்கொண்டு வருகிற குப்பை பொறுக்குபவர்களை விரட்டாதீர்கள். தேசிய அரசே 2020இல் அவர்களை முறைப்படி சேர்த்துக்கொள்ளும் வழிகாட்டுதலை வெளியிட்டிருக்கிறது. ஒரே ஆளை, ஒரே நேரத்துக்கு வரச்சொல்லி, கட்டிவைத்த அட்டையையும் பாட்டிலையும் கொடுத்துவிட்டால் பை கிழியாது, முற்றம் சுத்தமாக இருக்கும். எங்கள் கடைக்கு ஒரு அம்மா ஆறு வருடமாக வருகிறார். எந்தக் குப்பை லாரியும் அவ்வளவு நேரம் தவறாமல் வந்ததில்லை.

பழைய இரும்பு, செம்பு, அலுமினியம் விற்பதானால் 2009ஆம் ஆண்டின் பழைய பொருள் சட்டப்படி போலீசில் பதிவு செய்த யார்டுக்குத்தான் கொடுக்க வேண்டும். உங்கள் அடையாள அட்டையைக் கேட்டு எழுதிக்கொள்வார்கள். கேட்காத இடத்தில் விற்காதீர்கள்.

இன்னொன்று, தாள். வாடிக்கையாளரின் அடையாள அட்டை நகல், வேலைக்கு விண்ணப்பித்தவரின் தாள் எதையும் அப்படியே மறுசுழற்சிப் பையில் போடக் கூடாது. போப்பியா என்கிற தனிநபர் தகவல் சட்டம் 2021 ஜூலை 1 முதல் முழுமையாக அமலில் இருக்கிறது. பெயர், எண் உள்ளதை மட்டும் கிழிக்கும் மெஷினில் போடுங்கள். எல்லாத் தாளையும் நறுக்கிவிட்டால் நார் குட்டையாகி விலை இறங்கிவிடும்.

6. சமையல் எண்ணெயும் உணவுக் கழிவும்

சமோசா பொரித்த எண்ணெயை ஆறவிட்டு, வடிகட்டி, அது வந்த டிரம்மிலேயே ஊற்றி மூடுங்கள். பயோடீசல் செய்கிறவர்களுக்கு எடுத்துக் கொடுக்கும் ஆட்கள் காசு கொடுத்தே வாங்குவார்கள். யாரோ ஒருவர் பக்கியில் (பின்னால் திறந்த சின்ன வண்டி) வந்து கூடுதல் விலை கொடுக்கிறேன் என்றால், எங்கே கொண்டுபோகிறார் என்று எழுத்தில் கேளுங்கள். பழைய எண்ணெயை வெளுத்து மறுபடி சமையலுக்கு விற்கிற ஆட்களும் உண்டு, அந்தச் சங்கிலியில் உங்கள் டிரம் இருக்கக் கூடாது. சிங்க்கில் ஊற்றுவதைப் பற்றிப் பேசவே வேண்டாம், கழிவுநீரில் கொழுப்பைப் பிடிக்கும் கிரீஸ் டிராப் அடைத்துக்கொண்ட சனிக்கிழமை இரவை ஒரு முறை பார்த்தவர் மறுபடி ஊற்ற மாட்டார்.

உணவுக் கழிவில் பெரும்பகுதி தண்ணீர். 240 லிட்டர் தொட்டியை அதால் நிரப்பினால் 100 கிலோவைத் தாண்டும், சக்கரம் உடையும், தூக்குகிறவர் இடுப்பும் போகும். பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். காய்கறித் தோலை மட்டும் பிரித்துக் கம்போஸ்ட்டுக்குக் கொடுக்க முடிந்தால் நல்லது. இறைச்சி கலந்த மிச்சத்தைப் பன்றி வளர்ப்பவருக்கு அப்படியே கொடுக்காதீர்கள், ஆப்பிரிக்கப் பன்றிக்காய்ச்சல் பரவுகிற வழிகளில் அதுவும் ஒன்று.

7. மிஞ்சியதை வைத்து அளவைக் கணக்கிடுங்கள்

ஒரு 6 கன மீட்டர் ஸ்கிப், 240 லிட்டர் தொட்டி 25க்குச் சமம். நோட்டைத் திறந்து, பிரித்தது போக மிஞ்சும் பைகளை எண்ணி, எத்தனை தொட்டி என்று போடுங்கள். ஈரக்குப்பையைக் கோடையில் மூன்று நாளுக்கு மேல் வைக்காதீர்கள். ஆகவே உணவகத்துக்குப் பெரிய தொட்டி, குறைந்த தடவை என்பதைவிடச் சின்னத் தொட்டி, அதிகத் தடவை சரி. துணிக்கடைக்கு நேர் எதிர். கணக்குக்கு மேல் ஒரு தொட்டி கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள், லாரி வராத நாளுக்கு.

8. இப்போது விலை கேளுங்கள்

மூன்று பேரிடம், ஒரே தாளை அனுப்பி: இத்தனை தொட்டி, இந்த அளவு, வாரத்தில் இந்த நாட்கள், இந்த நேரத்துக்குள். எல்லோரும் ஒரே கேள்விக்கு பதில் சொன்னால்தான் விலையை ஒப்பிட முடியும். "வந்து பார்த்துவிட்டுச் சொல்கிறோம்" என்றால் வரட்டும், ஆனால் அளவை நீங்கள் சொல்லுங்கள்.

விலைத்தாளில் தடுமாறும் இடங்கள்: ஒரு தூக்கலுக்கு விலையா, மாதத்துக்கா? மாதத்துக்கு நாலு வாரம் என்று நினைத்துவிடுவோம், 52 வாரத்தை 12ஆல் வகுத்தால் 4.33. வாரம் மூன்று தடவை என்றால் மாதம் 13 தூக்கல், 12 இல்லை. தொட்டி வாடகை தனியா? டீசல் கூடுதல் கட்டணம் தனியா? 15 சதவீத வாட் சேர்ந்ததா? வருடாந்திர ஏற்றம் எத்தனை சதவீதம் என்று எண்ணில் இருக்கிறதா, இல்லை "அவ்வப்போது" என்று இருக்கிறதா? எடை கூடினால் அபராதமா? காலித் தொட்டியைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாலும் காசா?

கொட்டும் இடம் எது என்று கட்டாயம் கேளுங்கள். ஸ்பிரிங்ஃபீல்ட் பக்கம் கிளேர் எஸ்டேட்டில் இருந்த பிசாசர் ரோடு குப்பைமேடு (பெயரைக் கேட்டுத் தமிழர்கள் சிரிப்பது வழக்கம், பக்கத்தில் குடியிருந்தவர்கள் சிரிக்கவில்லை) பொதுக் குப்பைக்கு மூடப்பட்ட பிறகு, வடக்கே வெருலம் பக்கம் பஃபல்ஸ்டிராய், தெற்கே லோவு என்று லாரிகள் தூரம் போக வேண்டியிருக்கிறது. அந்த டீசல் உங்கள் பில்லில்தான் வரும். யாராவது மற்றவர்களைவிட மிக மிகக் குறைவாகச் சொன்னால், அவர் குப்பைமேட்டு வாசல் வரைக்கும் போகிறாரா என்று சந்தேகப்படுங்கள். உங்கள் கடைப் பெயர் போட்ட பெட்டி ஆற்றோரத்தில் கிடந்தால் தேடி வருவது உங்களைத்தான். கழிவை வைத்திருப்பவருக்குப் பொறுப்பு உண்டு என்பது 2008ஆம் ஆண்டின் கழிவுச் சட்டத்தின் அடிப்படை, சட்டவிரோதமாகக் கொட்டுவதற்கு அதிகபட்சத் தண்டனை 1 கோடி ரேண்ட் அபராதம் அல்லது 10 ஆண்டு சிறை வரைக்கும் போகும்.

கையெழுத்துப் போடும் முன் வாங்க வேண்டிய தாள்கள்: நகராட்சியிடம் அவர்கள் பெற்ற அனுமதி அல்லது பதிவு, தொழிலாளர் இழப்பீட்டு நிதியின் நற்சான்று (லெட்டர் ஆஃப் குட் ஸ்டேண்டிங்), காப்பீடு, தொழில் பாதுகாப்புச் சட்டத்தின் 37(2) ஒப்பந்தம் (அவர்கள் ஆட்களின் பாதுகாப்பு அவர்கள் பொறுப்பு என்று எழுதிக்கொள்வது). கடைசி இரண்டையும் விட்டுவிட்டால், உங்கள் முற்றத்தில் அவர்கள் ஆளின் கால் நசுங்கும்போது யார் பொறுப்பு என்ற பேச்சு உங்கள் பக்கம் திரும்பும்.

ஒப்பந்தக் காலம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறதே, 20 வேலைநாள் நோட்டீஸ் கொடுத்து எப்போதும் விலகலாமே என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். நானும் நம்பினேன். அந்தச் சட்டத்தின் 14ஆம் பிரிவு கம்பெனிக்கும் கம்பெனிக்கும் இடையிலான ஒப்பந்தத்துக்குப் பொருந்தாது, கம்பெனி எவ்வளவு சின்னதாக இருந்தாலும். கூட்டுத்தொழிலும் டிரஸ்ட்டும் அந்தக் கணக்கில்தான் சேரும். சொந்தப் பெயரில் கடை நடத்துகிற தனி ஆளுக்கு உண்டு. எங்கள் கடைப் பெயருக்குப் பின்னால் இருந்த 'பிடிஒய் லிமிடெட்', அதாவது தனியார் கம்பெனி என்பது, எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. ஆகவே விலகும் வழியை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்: முதல் மூன்று மாதம் சோதனை, அதன்பின் ஒரு மாத நோட்டீஸ், தொட்டி எண்ணிக்கையைக் குறைக்க உரிமை. ஒப்பந்தம் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் என்ற ஷரத்து இருந்தால் அடித்துவிட்டு இரண்டு பேரும் பக்கத்தில் கையெழுத்துப் போடுங்கள். 12 மாதத்துக்கு மேல் நான் யாரையும் கட்டச் சொல்வதில்லை.

9. முதல் மாதம் பக்கத்திலேயே நில்லுங்கள்

ஒரே ஒரு ஆளைப் பொறுப்பாக வையுங்கள். எல்லோருக்கும் பொறுப்பு என்றால் ஒருவருக்கும் இல்லை. அவர் தினமும் கடை மூடும்போது தொட்டிகளை ஒரு போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடட்டும், பில் வந்ததும் எத்தனை தூக்கல் என்று அதோடு ஒப்பிடலாம். எங்கள் முதல் மாத பில்லில் வராத இரண்டு நாளுக்கும் சேர்த்துப் போட்டிருந்தார்கள், போட்டோவைக் காட்டியதும் கழித்துக்கொடுத்தார்கள்.

பிரிப்பதில் தவறு நடந்தால் திட்டாதீர்கள், தொட்டியை நகர்த்திப் பாருங்கள். பெரும்பாலும் இடம்தான் தப்பாக இருக்கும். புது ஆள் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே தொட்டியைக் காட்டிவிடுங்கள், இரண்டாம் வாரம் சொன்னால் பழக்கம் மாறாது.

நீண்ட வார இறுதி, ஈஸ்டர், காவடி, தீபாவளி இவற்றுக்கு இரண்டு வாரம் முன்பே கூடுதல் தூக்கல் எழுத்தில் கேட்டுவிடுங்கள். மண்டபம் நடத்துகிறவர்கள் முன்பதிவுப் படிவத்திலேயே குப்பைக்கான தொகையைச் சேருங்கள், ஞாயிறு இரவு வாழையிலையும் பேப்பர் தட்டும் யார் தலையில் என்ற சண்டை வராது. நகராட்சி ஊழியர் வேலைநிறுத்தம் செய்து தெருவெல்லாம் பை குவிந்ததை 2024இலும் பார்த்தோம். அந்த மாதிரி நாட்களில் ஈரக்குப்பையை மட்டும் முதலில் வெளியேற்றுங்கள், அட்டை கூரைக்கு அடியில் காத்திருக்கும், அதற்கு அவசரமில்லை.

10. கோப்பு

ஒரு லீவர் ஆர்ச் ஃபைல் போதும். எடைச் சீட்டு, மறுசுழற்சி ரசீது, எண்ணெய் எடுத்த ரசீது, மாத பில் எல்லாம் தேதி வரிசையில். ஆபத்தான கழிவு போனால் அதன் மேனிஃபெஸ்ட் தாள் (என்ன கழிவு, யாரிடமிருந்து எங்கே போகிறது என்று எழுதியது), அது போய்ச் சேர்ந்ததற்கான சான்றிதழ் இரண்டும் வேண்டும். முதலாவது மட்டும் இருந்தால் கிளம்பியது தெரியும், சேர்ந்தது தெரியாது. காலாவதியான சரக்கை அழிக்கக் கொடுத்தாலும் அழித்ததற்கான சான்றிதழ் கேளுங்கள், இல்லாவிட்டால் அதே பாக்கெட் அடுத்த வாரம் ஏதாவது சந்தையில் விற்பனைக்கு இருக்கும்.

கழிவுப் பதிவுகளை 5 வருடம் வைத்திருக்க வேண்டும் என்று விதி. வரிக் கணக்குக்கும் அதே 5 வருடம்தான், ஆகவே இரண்டையும் ஒரே அலமாரியில் வைத்துவிடலாம். வெப்பத்தாளில் அச்சடித்த எடைச் சீட்டு ஆறு மாதத்தில் வெளுத்துப்போகும், வாங்கிய அன்றே போனில் படம் எடுத்து வையுங்கள்.